தமது இல்லத்தில்

‘தமது’ என்று எழுதிய பிறகு பியூலாவின் பேனா நின்றுவிட்டது. அடுத்த சொல் ‘இல்லத்தில்’. அதற்கு அடுத்தது ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவாளே. சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும், அதை எழுத ஒரு ஆள் வேண்டும், பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்கும் பக்கத்து நாலு தெருவுக்கும் அந்த ஆள் பியூலா டீச்சர்தான். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்கு ஊர் கொடுத்த உத்தியோகம் இது. பெட்டி வருவதற்கு முன்பே அவளிடம் ஆள் வந்துவிடும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மகளாக இந்த ஊரில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று, இந்த வருஷம் பரிசுத்த விவாகத்தில் இணைக்கப்பட்டு, இத்தனை பிள்ளைகளைப் பெற்று, நடுவில் குணத்தைப் பற்றி இரண்டு வரி, கடைசியில் நித்திரை. குணத்தைப் பற்றிய இரண்டு வரியில்தான் டீச்சருடைய சாமர்த்தியம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் குடித்துவிட்டுத் தெருவை இரண்டாக்கிய மனிதருக்கு ‘எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுகிறவர்’ என்று எழுதியவள் அவள். மருமகளை ஒரு நாள்கூட நிம்மதியாகச் சாப்பிட விடாத பெண்ணுக்கு ‘குடும்பக் காரியங்களில் கவனமுள்ளவர்’. அம்மா கோயிலிலிருந்து திரும்பி வரும்போது சொல்லுவாள், எல்லாஞ் சொன்ன, அவ வீட்டு முருங்கைய பத்தி ஒரு வார்த்தை வரலயே, அந்த முருங்கையில காய் பறிக்காத வீடு உண்டா இந்தத் தெருவுல, என்று. இப்போது அம்மா முன்னறையில் வாடகைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். பெட்டியின் மோட்டார் இரைச்சல் பின்னறை வரை கேட்கிறது. மூன்று மணிக்கு ஆராதனை. பன்னிரண்டு மணிக்குள் பேப்பர் கைக்கு வந்துவிட வேண்டும் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எழுதின மட்டும் சரியாகத்தான் இருக்கிறது. அன்னநேசம் அம்மாள் அவர்கள் 1936ஆம் ஆண்டு சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஊரொன்றில் பிறந்து. அந்த ஊரில் பனையைத் தவிர வேறு மரம் கிடையாது, தோண்டத் தோண்டச் சிவப்பு மணல், காற்றடித்தால் சோற்றுக்குள்ளும் மணல். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து, பின்கட்டுக் கதவைத் திறந்து, கிணற்றடி ஈர மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, இவ்வளவு மண்ணையும் சும்மாவா போட்டு வச்சிருக்கிய என்று மாமியாரிடம் கேட்டாளாம். வந்த முதல் நாள் புதுப்பெண் கேட்ட முதல் கேள்வி இது என்று அப்பா சாகிற வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை எழுத முடியாது. தனராஜ் அண்ணன் காலையிலேயே சொல்லிவிட்டான், தோட்டம் போடுறதுல பிரியமுள்ளவர்னு ஒரு வரி போட்டுரு, போதும், ரொம்ப நீட்டாத, வெயில்ல ஜனம் நிக்கும் என்று. ஒரு வரி. அறுபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு வரி. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவன் பதினேழு வயதில் மெட்ராஸுக்குப் படிக்கப் போனவன், விடுமுறைக்கு வரும்போது செடிகள் இன்னும் கொஞ்சம் உயரமாக நிற்கும், அவ்வளவுதான் அவனுக்கு அந்தத் தோட்டம். ‘தோட்டம் போடுவதில் பிரியமுள்ளவர்’. பியூலா அதையும் எழுதிவிட்டாள். எழுதிய பிறகு அது யாரைப் பற்றியோ எழுதியது மாதிரி இருந்தது. அம்மா ஒரு செடியைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. எங்கே போனாலும் ஒரு கொம்பு கேட்பாள், கொடுத்தால் சரி, கொடுக்க யோசித்தால் பேச்சோடு பேச்சாக ஒடித்து முந்தானையில் முடிந்துகொள்வாள். சாவுக்குத் துட்டி கேட்கப் போன வீட்டில்கூட விட்டதில்லை. வந்த செடிக்கு வந்த இடத்தின் பெயர்தான். செம்பருத்தி என்று சொல்லமாட்டாள், மேரிப்பிள்ளை செம்பருத்தி என்பாள். ஆஸ்பத்திரி நர்சு குரோட்டன்ஸ். திருமண்டல ஆபீஸ் முல்லை. கடன்காரர் கறிவேப்பிலை, அது அப்பா யாரிடமோ பணம் கேட்கப் போன வீட்டில் ஒடித்தது, பணம் கிடைக்கவில்லை. அந்த மனிதர்களெல்லாம் செத்து, அவர்கள் வீடுகளை இடித்து மாடிகள் எழும்பிய பிறகும், இங்கே கிணற்றடியில் வரிசையாக நின்று தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே பார்க்கக்கூடாது என்றுதான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள், ஆனாலும் சூடு முதுகில் அடிக்கிறது. சிமெண்ட் தளத்துச் சூடு. பத்து மணி வெயில் விழுந்தாலே போதும், கொல்லை முழுக்கத் தகித்துச் சுவரைத் தாண்டி அறைக்குள் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் சித்திரையில்கூட இந்த ஜன்னலைத் திறந்து வைத்தால் விசிறி வேண்டாம். பதினொரு மாதத்துக்கு முன்னால். பதினொரு மாதம்தானா. அம்மா முதலில் விழுந்தது அதற்கு முந்தின ஐப்பசி மழையில், கிணற்றடிப் பாசியில் வழுக்கி. வெறும் சிராய்ப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்பவும் கொல்லையில். இரண்டாவது தடவை துளசிக்குப் பின்னால் சாரைப்பாம்பைப் பார்த்துப் பின்வாங்கி. மூன்றாவது தடவை எதற்கென்றே தெரியவில்லை, பியூலா குளித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மா மண்ணில் கிடக்கிறாள், ஒரு கை பூவாளியைப் பிடித்திருக்கிறது, வாளித் தண்ணீர் முழுக்கச் சேலையில். வலிக்குதாம்மா என்றால், தண்ணி வீணாப் போச்சே என்கிறாள். எலும்பு முறியவில்லை. ஆனாலும் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. அடுத்த தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க, பாத்துக்கோங்க என்றார் டாக்டர். பார்த்துக்கொள்வது என்றால் எப்படி. அறுபத்திரண்டு வயதுப் பெண் எண்பத்தெட்டு வயதுப் பெண்ணின் பின்னாலேயே நாள் பூராவும் நிற்க முடியுமா. கதவைப் பூட்டினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அண்ணன் போனில் சொன்னான், செடி இருந்தாத்தான போவா, எல்லாத்தையும் எடுத்துட்டு சிமெண்ட் போட்டுரு, பெருக்கித் தள்ளவும் சுளுவு. அவன் சொன்னான் என்பது உண்மை. ஆனால் சரி என்றது அவன் இல்லை. கொத்தனாரைப் போய்க் கூப்பிட்டது அவன் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முடிச்சிரணும் என்று அவசரப்படுத்தியதும் அவன் இல்லை.

இதில் ஒரு இடம் இருக்கிறது, பியூலாவின் நினைப்பு அங்கே போகும், தொட்டதும் திரும்பிவிடும், திரும்பவும் போகும். கொத்தனார் ஆட்கள் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கே அவள் கொல்லையில் போய் நின்றாள். அரளியின் முன்னால். அடுக்கு அரளி, ரோஸ் நிறம், மதில் உயரத்துக்கு வளர்ந்து வருஷம் பூராவும் பூத்தது. அதன் பெயர் மாப்பிள்ளை வீட்டு அரளி. எண்பத்தெட்டாம் வருஷம் நாசரேத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான்கு மணி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள், அம்மா முழங்கை வரை சாணியும் மண்ணுமாகக் கொல்லையிலிருந்து ஓடி வந்தாள், கையைக் கழுவினாளோ இல்லையோ, மாப்பிள்ளையின் அம்மாவோடு உட்கார்ந்து செடி பேச ஆரம்பித்துவிட்டாள். எங்க வீட்டு வாசல்ல அடுக்கு அரளி நிக்கி என்றாள் அந்தப் பெண். அப்படியா, ஒரு கொம்பு குடுத்தனுப்புங்க என்றாள் அம்மா. பியூலா டம்ளர்த் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறாள், இருபத்தாறு வயது, புதுச்சேலை, அம்மா அரளிக்கு அடிபோடுகிறாள். பத்து நாள் கழித்து நாசரேத்திலிருந்து ஆள் வந்தது, ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லாததால் வேறு காரணம் சொன்னார்கள், பெண்ணுக்கு நிறம் கொஞ்சம் மட்டு என்று. சொல்லிவிட்டு, ஈரச்சாக்கில் சுற்றிய கொம்பையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை நட்டாள். அந்த அம்மா வாக்குத் தவறலட்டி, அனுப்பிட்டாளே என்று சொல்லி நட்டாள். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கொம்பைத் தெருவில் எறிந்திருப்பார்கள். அதற்குப் பிறகு வந்த இடங்களும் தட்டிப்போயின, அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அரளி மட்டும் வளர்ந்தது. முப்பத்தைந்து வருஷம். அம்மாவுக்கு உடம்புக்கு ஆகாத நாட்களில் அதற்குத் தண்ணீர் விட்டதும் பியூலாதான். மாப்பிள்ளை வீட்டுக்கு ஊத்திட்டியா என்று உள்ளேயிருந்து கேட்பாள் அம்மா, ஒரு விகற்பமும் இல்லாமல், அந்தப் பெயரைச் சொன்னால் பெண்ணுக்கு வலிக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றாமல். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு பியூலா வெட்டரிவாளை எடுத்து அந்த அரளியை அடியோடு வெட்டினாள். அரளிப்பால் கையில் பட்டு எரிந்தது. வேரைக் கம்பியால் நெம்பி நெம்பி மல்லாத்தினாள். ஆட்கள் வந்து, என்ன டீச்சர் நீங்களே ஆரம்பிச்சிட்டிய என்றார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா நிம்மதி இல்லை, பொறுப்பு தீர்ந்த ஆறுதல் இல்லை, சந்தோஷம். சின்ன வயதில் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வருகிற சந்தோஷம். அதற்குப் பிறகு ஆட்கள் மற்றதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் அடைத்தபோதும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. அவர்களுக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

முதல் நாள் பவளமல்லியைச் சாயங்காலம் வரை அசைக்க முடியவில்லை. அதற்கு அம்மா யார் பெயரும் வைத்திருக்கவில்லை. தம்பி செல்வின் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோன வாரத்தில் நட்டது. பியூலாவுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அம்மா கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள், செடிக்குத் தேவையானதைவிட ஆழமாக, இடுப்பு மறைகிற வரை. அப்பா வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பியூலா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், அம்மா குடிப்பாள் என்று நினைத்து. அம்மா அதை வாங்கிச் செடிக்கு ஊற்றினாள். வாழ்க்கைக் குறிப்பில் ‘மூன்று பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒருவரைச் சிறுவயதிலேயே கர்த்தர் தம்மண்டை சேர்த்துக்கொண்டார்’ என்று எழுதியாயிற்று. அந்த மரத்தைக் கடப்பாரை போட்டு, கயிறு கட்டி, நான்கு பேர் இழுத்தார்கள். விழுந்தபோது வீடு முழுக்கப் பூ வாசனை. அப்போது பியூலா அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பாதித் தோட்டம் மிச்சம் இருந்தது, மேரிப்பிள்ளை இருந்தாள், முல்லை இருந்தது. நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கதவைத் திறந்தால் போதும். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கொண்டுபோக வேண்டிய இட்லியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் பெண்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். யாரோ ஒருத்தி சுருதியை மேலே எடுத்துவிட, மற்றவர்கள் எட்டிப் பிடிக்கத் திணறுகிறார்கள். பியூலா பேனாவை மூடித் திறந்தாள். ‘தமது’. இதை இப்படி விட்டுவிட்டு, இந்தத் தேதியில் நித்திரையடைந்தார் என்று முடித்தால் என்ன. முடிக்கலாம். ஆனால் அது வெறுமே ஒளிப்பது. அம்மாவைப் பற்றிச் சபை முன்னால் சொல்லப்போவது இந்த ஒரு தடவைதான், இன்றைக்கு மூன்று மணிக்கு, அதற்குப் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை, அவளும் சொல்லப்போவதில்லை. நடந்தது நடந்தபடி ஒரு வரியாவது அந்தப் பேப்பரில் இருக்க வேண்டும் என்று நேற்று அம்மாவின் வாயைக் கட்டும்போதே நினைத்துவிட்டாள். நடந்தது என்ன. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய அம்மா வாசலைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் உள்ளே வந்தாள். நேரே பின்கட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது, இனி பூட்ட வேண்டாமே. வாசற்படியில் நின்று வெள்ளையாகக் கிடந்த தளத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு நிமிஷம் இருக்கும். பியூலா பின்னால் நின்றுகொண்டு, திட்டினால் என்ன பதில் சொல்வது என்று தயாராக வைத்திருந்தாள், விழுந்துட்டன்னா யாரு பாக்க, அண்ணன்தான் சொன்னான், டாக்டர் சொன்னார். ஒன்றும் தேவைப்படவில்லை. அம்மா திரும்பி, முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்போடு, தப்பான வீட்டில் நுழைந்துவிட்டவர்கள் சிரிக்கிற சிரிப்போடு, “கதவு தொறந்து கெடந்துச்சு, எங்க வீடுன்னு நெனச்சு வந்துட்டேன், ஒண்ணும் நெனைச்சுக்காதீய” என்றாள்.

அதற்கு முன்னால் மறதி இல்லையா என்றால், இருந்தது. அண்ணன் மனைவியை யாரென்று கேட்டிருக்கிறாள். குடித்த காபியை மறந்து உடனே திரும்பவும் காபி கேட்டிருக்கிறாள். ஆனால் காலை ஆறு மணிக்குக் கொல்லையைச் சுற்றி வரும்போது ஒரு பெயர் தவறாது. மேரிப்பிள்ளை, நர்சம்மா, மாப்பிள்ளை வீடு, கடன்காரர், ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வருவாள், சொல்லி முடித்து உள்ளே வரும்போது ஏட்டி பியூலா என்றுதான் வருவாள். அந்தச் சுற்றில் ஏதோ ஒன்று அம்மாவைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தது, அது அப்போதே தெரிந்திருந்ததா, இல்லை இப்போதுதான் தெரிகிறதா. தெரிந்திருந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனபோது, வயசானவங்களுக்கு இடம் மாறினா இப்படிக் குழப்பம் வரும்மா என்றார். இடம் மாறலயே டாக்டர், அதே வீடுதான் என்றாள் பியூலா. அவர் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதினார். சிமெண்ட் போட்டதை அவள் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். அவர் கேட்கவில்லை.

பிறகு பதினொரு மாதம் அம்மா அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தாள். நல்ல விருந்தாளி. காபி கொடுத்தால் உங்களுக்கு எதுக்கு சிரமம் என்பாள். தட்டைக் கழுவ எழுந்திருப்பாள். தெருவில் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் டீச்சர் என்றே கூப்பிட்டாள், நீங்க போட்டு. நான்கு மணி ஆனதும் ஒரு துணிப்பையில் சேலை, சீப்பு, பைபிள் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் வந்து உட்காருவாள். கெளம்புதேன் டீச்சர், ரொம்ப நாள் இருந்துட்டேன், அங்க செடியெல்லாம் காய்ஞ்சு போய்க் கெடக்கும். முதலில் பியூலா வாதாடினாள், இதும்மா உன் வீடு, இது அப்பா படம், நான் பியூலா. அம்மா மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு தெருவைச் சுற்றி நடத்தி அழைத்து வந்து, வீடு வந்துட்டும்மா என்று சொல்லிப் பார்த்தாள். படியேறும்போதே, இது உங்க வீடுல்லா என்பாள். ஒரு வாரம் கழித்து ஓடிப்போய் ஐந்து தொட்டி வாங்கி வந்து வைத்தாள், ரோஜா, செம்பருத்தி, என்னென்னவோ. அம்மா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்து, உங்க செடி நல்லா வந்துருக்கு, ஒரு கொம்பு தருவியளா, வீட்டுல கொண்டு வைக்கேன் என்றாள். பியூலா ஒடித்துக் கொடுத்தாள். அம்மா அதைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் அது காய்ந்துவிடும், பியூலா எடுத்து எறிந்துவிடுவாள், அம்மா திரும்பவும் கேட்பாள். போன வாரம், படுக்கையோடு ஆகிவிட்ட பிறகு, சேலை மாற்றிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். ஞாபகம் வந்துவிட்டது, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தாள் பியூலா.

“உங்களுக்கு அம்மா இருக்காங்களா டீச்சர்?”

“இருக்காங்க.”

“அவுகள அங்க விட்டுட்டு என்னையப் போட்டுப் பாக்கியளே. அவுக தேட மாட்டாகளா?”

அதற்கு என்ன பதில் சொன்னோம் என்று பியூலாவுக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஏதோ சொல்லியிருப்பாள். போர்வையை இழுத்து விட்டிருப்பாள். தேடுவார்கள் என்று சொன்னாளா, தேட மாட்டார்கள் என்று சொன்னாளா. எது சொல்லியிருந்தாலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள், அதற்குப் பிறகு நான்கு நாள் சரியாகப் பேச்சில்லை, நேற்று மத்தியானம் மூச்சும் நின்றுவிட்டது. அந்நிய வீட்டில், யாரோ ஒரு டீச்சரின் தயவில், தன் வீட்டுக்குப் போக முடியாமல் செத்துப்போனாள். இதை எப்படி எழுதுவது. ‘தமது மகளால் தமது இல்லத்தை இழந்து.’ நன்றாகத்தான் இருக்கிறது, மோனை வேறு. பியூலாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. இந்த நேரத்திலும் வாக்கியம் எப்படி விழுகிறது என்று பார்க்கிற புத்தி.

கதவைத் தட்டாமலே அண்ணன் உள்ளே வந்தான். பஸ்ஸில் வந்த சட்டையை இன்னும் மாற்றவில்லை. அறுபத்தேழு வயது ஆள், கண் இரண்டும் சிவந்து, முகம் அதைத்து, அப்பாவின் கடைசிக் காலத்து முகம் மாதிரி இருந்தான். பாஸ்டர் ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாரு, முடிஞ்சுதா என்று பேப்பரை எடுத்துப் பார்த்தான். கடைசி வரி பாதியில் நின்றதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“வீட்டுலன்னு போட வேண்டாம் அண்ணே,” என்றாள் பியூலா.

“ஏன், வீட்டுலதான போனா.”

“இல்ல. நாம சிமெண்ட் போட்டோம்லா, அன்னைக்கே அவளுக்கு வீடு இல்லாமப் போச்சு. நாந்தான் செஞ்சேன். அதை எழுதணும்னு பாக்கேன்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். நாந்தானட்டி போடச் சொன்னேன், நீ ஏன் மனச போட்டு ஒழட்டுத என்றான். நல்லதுக்குத்தானே செய்தோம், விழுந்து கிடந்து சீரழியாமல் இருக்கத்தானே செய்தோம், அம்மாவுக்கு அந்த வியாதி எப்படியும் வந்திருக்கும், எங்க ஆபீஸ் சேகரோட அப்பாவுக்கும் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு அண்ணே, வெட்டும்போது சந்தோஷமா இருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் எப்படியும் போகட்டும். ஆனால் அவன் அதற்குள் குனிந்து கைலேஞ்சியில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், அழுகிற ஆளிடம் இதை எப்படிச் சொல்வது, அதுவும் பழியில் பாதியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட ஆளிடம். அவனுடைய பாதியை வாங்கினால் அவளுடைய பாதி குறைந்துவிடும் என்று அவன் நினைத்தான். நல்லவன். அவன் எழுந்து அவள் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்து, நின்றபடியே, ‘இல்லத்தில்’ என்று எழுதினான், நித்திரையடைந்ததை எழுதினான், அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதினான். அவனுடைய கையெழுத்து சின்ன வயதிலிருந்தே கோழிக் கிறுக்கல். நீ முகத்தைக் கழுவிட்டு வா என்று சொல்லிவிட்டுப் பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். பேப்பரைப் பிடுங்கியிருக்கலாம். பின்னாலேயே போயிருக்கலாம். பியூலா முகத்தைக் கழுவினாள்.

கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விசிறிகள் மேலே எட்டாத உயரத்தில் சுற்றின. பெட்டியை மூடவில்லை, அம்மாவின் மூக்கு மட்டும் தெரிந்தது, வெள்ளை ரிப்பன் கட்டிய கடைப் பூக்கள் நெஞ்சு வரை மூடியிருந்தன. பாஸ்டர் வாழ்க்கைக் குறிப்பை விரித்தார். பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, தோட்டம் போடுவதில் பிரியமுள்ளவர் என்று வந்தபோது பின்னால் யாரோ ஆமாம் என்கிற மாதிரி ஊம் கொட்டினார்கள். இப்போது எழுந்திருக்கலாம், எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பியூலா நினைத்தாள், அடுத்த வரிக்குப் பிறகு, இதற்கு அடுத்த வரிக்குப் பிறகு. தமது இல்லத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று வாசித்து பாஸ்டர் மூச்செடுத்தார், பேப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அண்ணனின் கிறுக்கலை எழுத்துக் கூட்டினார். கடைசிக் காலத்தில் அன்னாரை விட்டு ஒரு நாளும் பிரியாமல், தன் வாழ்வையே தியாகம் செய்து பராமரித்த அருமை மகள் பியூலா அவர்களுக்குக் குடும்பத்தார் என்றும் கடன்பட்டிருக்கிறார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட, எத்தனையோ தலைகள் அவள் பக்கம் திரும்பின. எல்லாம் தெரிந்த முகங்கள், எல்லா முகத்திலும் இரக்கம். பியூலா சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த மாதர் சங்கத்து அம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுக்கத் தொடங்கினாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை, மேலும் கீழும், பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி. இதமாக இருந்தது. பதினொரு மாதமாக யாரும் அவளைத் தொட்டதில்லை. கையை எடுத்துவிடுவாளோ என்று பயந்து, பியூலா தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து, முதுகை அந்தக் கைக்கு நன்றாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.